அரைப்பேர் கிறிஸ்தவர் என்று ஒருவர் இல்லை

என்னிடம் பள்ளியில் படித்த பெண் ஒருத்தி சென்ற வாரம் நீளமாக ஒரு கடிதம் எழுதியிருந்தாள். கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். நான்கு வயதில் ஒரு மகன். மாரியம்மன் திருவிழாவில் முளைப்பாரி எடுத்து வளர்ந்தவள். திருமணத்துக்குப் பிறகு இயேசுவை அறிந்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஞானஸ்நானம் பெற்றாள். தன் பெயரைச் சொல்லாமல், எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதச் சொன்னாள். இதே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருக்கிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்களாம்.

அவள் எழுதியதன் சாரம் இது: "டீச்சர், கம்மலைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன். பூ வைப்பதை விட்டேன். காலை நான்கு மணி ஜெபத்துக்கு எழுகிறேன். வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கிறேன். சம்பளத்தில் பத்தில் ஒன்று கொடுக்கிறேன். ஜனவரியில் உடம்பு முடியாமல் ஒரு வாரம் விடியற்கால ஜெபத்தை விட்டுவிட்டேன். அந்த வாரமே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. 'நீ ஜெபத்தில் தளர்ந்தாய், சத்துருவுக்கு வாசல் திறந்துவிட்டது' என்று சபையில் ஒரு மூத்த சகோதரி சொன்னார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இவ்வளவு செய்தும் நான் கிறிஸ்தவள்தானா என்று சந்தேகமாக இருக்கிறது. எல்லாம் கிருபை என்கிறார்கள்; அப்படியானால் இந்தச் சட்டங்கள் எதற்கு? சட்டம் வேண்டாம் என்றால் இஷ்டப்படி வாழலாமா? மாரியம்மன் திருவிழாவுக்குத் தங்கை வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிறாள், போகலாமா?"

மகளே, முதலில் அந்தக் காய்ச்சலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்றவை காத்திருக்கும்.

உன் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததற்கு நீ தூங்கியது காரணம் அல்ல. பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவனைக் காட்டி, "இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம், இவன் செய்ததா, இவனைப் பெற்றவர்கள் செய்ததா?" என்று சீடர்கள் கேட்டார்கள். யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது. இரண்டும் இல்லை என்று இயேசு சொன்னார். பெற்றவர்கள் மேல் பழி போடும் பழக்கம் அன்றே இருந்தது. அவர் அன்றே அதை மறுத்தார். ஜனவரியில் கோத்தகிரி எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி உப்புத் தூவினாற்போல் கிடக்கும். அங்கன்வாடியில் பாதிப் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகும். அந்தப் பிள்ளைகளின் தாய்மாரில் நான்கு மணிக்கு எழுந்து ஜெபித்தவர்களும் இருந்திருப்பார்கள். பிள்ளைக்கு மறுபடி காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் கூட்டிப்போ. அந்தச் சகோதரியை மனதில் வெறுக்காதே. அவருக்கும் யாரோ இதைத்தான் கற்றுக்கொடுத்திருப்பார்கள். தன் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்த இரவுகளில் அவரும் இதே பயத்தோடு விழித்திருந்திருப்பார்.

ஆனால் அந்த வாக்கியத்துக்குள் ஒரு கடவுள் ஒளிந்திருக்கிறார். அவரைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நான் இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தில், எங்களைப் போன்றவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அந்த எண்ணிக்கையில் எங்கள் வீட்டார் ஐந்து பேர். 1974-ல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினோம். மண்டபம் முகாமில் சில வாரங்கள் இருந்துவிட்டு நீலகிரிக்கு வந்தோம். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே தமிழ்நாடு அரசு 1968 முதல் இந்த மலைகளில் தேயிலை நட்டுக்கொண்டிருந்தது. உன் தாத்தாவும் அப்படி வந்தவர்தான் என்று ஒருமுறை வகுப்பில் சொன்னாய், எனக்கு நினைவிருக்கிறது.

அங்கே தோட்டத்தில் "பேர்" என்றால் ஆளைக் கூப்பிடும் பெயர் மட்டும் இல்லை. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்று, மலைக்கு ஏறி, சொன்ன ராத்தல் எடைக் கொழுந்தைக் கொண்டுவந்து நிறுத்தால் செக்ரோல் என்ற பேரேட்டில் ஒரு பேர் விழும். அதுதான் அன்றைய கூலி. ராத்தல் குறைந்தால் அரைப்பேர். மழை நாளில் ஈரக்கொழுந்து என்று வேறு கழிப்பார்கள். அம்மா இடுப்பில் கட்டிய படங்கிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, கூடையை இறக்கிவைத்துவிட்டு நிற்பாள். தராசைப் பார்க்கமாட்டாள். கணக்கப்பிள்ளையின் கையிலிருந்த பென்சிலைத்தான் பார்ப்பாள். அது ஒரு கோடு இழுக்கிறதா, பாதியில் நிற்கிறதா என்று. இரவில் அடுப்படியில் அப்பாவிடம், "இன்றைக்கு எனக்கு அரைப்பேர்" என்பாள். சிறுபிள்ளையான என் காதில், அம்மா தன்னையே பாதி ஆள் என்று சொல்வதுபோல அது விழும்.

உன் கடிதத்தைப் படித்தபோது அந்தப் பென்சில்தான் கண்முன் வந்தது. நான்கு மணிக்கு எழுந்த நாள் முழுப்பேர், தூங்கிவிட்ட நாள் அரைப்பேர், காய்ச்சல் வந்தால் கழிவு. தோட்டத்தை விட்டு வந்தும் கணக்கப்பிள்ளையை வானத்தில் உட்காரவைத்து வணங்கிக்கொண்டிருக்கிறோம்.

கோத்தகிரிக்கு வந்த பிறகு, ஒரு ஞாயிறு ஆராதனையில் மத்தேயு இருபதாம் அதிகாரத்தை வாசித்தார்கள். திராட்சத்தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் போய்க் கூலிக்கு ஆள் பிடிக்கிறார். நாளுக்கு ஒரு பணம் என்று பேச்சு. ஒன்பது மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் மறுபடி போய் ஆள் சேர்க்கிறார். மாலை ஐந்து மணிக்கும் போகிறார். அப்போதும் சிலர் வேலை கிடைக்காமல் சந்தையில் நிற்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறார். கூலி கொடுக்கும்போது கடைசியில் வந்தவர்களிலிருந்து தொடங்கி, அவர்களுக்கும் அதே ஒரு பணம். எனக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐந்து மணிக்கு வந்தவனுக்கு முழுப்பேரா?" என்று கேட்டாள். மெதுவாகக் கேட்டதாகத்தான் அவள் நினைத்திருப்பாள். முன்வரிசை வரை கேட்டது. ஆண்டாண்டாக இந்த உவமைக்குப் பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். அம்மாவின் அந்தக் கேள்விக்கு ஈடான விளக்கம் ஒன்றுகூடக் கேட்டதில்லை. கதையில் வரும் விடியற்கால ஆட்களும் அதைத்தானே கேட்டார்கள், முறுமுறுப்போடு. அம்மா முறுமுறுக்கவில்லை. அவள் குரலில் இருந்தது வேறு. அப்படி ஒரு துரை இருக்க முடியுமா என்கிற திகைப்பு.

முதல் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய அப்போஸ்தலன் பவுல் இதையே ரோமர் 4:4-ல் கூலிக்காரனின் மொழியில் சொல்கிறார்: வேலை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபை ஆகாது, அது கடன், கொடுத்தே ஆகவேண்டியது. கிருபை என்ற சொல் நம் வாயில் தேய்ந்துபோயிருக்கிறது. "கர்த்தருடைய கிருபையால் நலம்" என்று கடிதத்தின் முதல் வரியில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். கத்தோலிக்கர்கள் அருள் என்கிறார்கள். இரண்டும் ஒரே கிரேக்கச் சொல்லுக்கு நம் மக்கள் வைத்த பெயர்கள்தான்: தகுதி பார்க்காமல், திருப்பிக் கேட்காமல் தருவது.

இதில் வரிசை முக்கியம். முதலில் பேர், பிறகு வேலை. மத்தேயு மூன்றாம் அதிகாரத்தை எடுத்துப் பார். யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறும் இயேசுவைப் பார்த்து, "இவர் என்னுடைய நேசகுமாரன்" என்று வானத்திலிருந்து சத்தம் வருகிறது. அதுவரை அந்தச் சுவிசேஷத்தில் அவர் ஒரு பிரசங்கம் செய்யவில்லை, ஒரு நோயாளியைக் குணமாக்கவில்லை. தச்சன் மகனாக நாசரேத்தில் இருந்தவர். பிதா பிரியத்தைச் சொல்லிவிட்டுத்தான் வேலைக்கு அனுப்புகிறார். நீ ஞானஸ்நானம் பெற்ற நாளில் உன்னைக் குறித்தும் சொல்லப்பட்டது அதுதான். பேய்களும் எங்களுக்குக் கீழ்ப்படிகின்றன என்று சீடர்கள் குதித்துக்கொண்டு திரும்பி வந்தபோதும் இயேசு, அதற்காகச் சந்தோஷப்படாதீர்கள், உங்கள் பெயர்கள் பரலோகத்தில் எழுதியிருப்பதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்றார். அந்தச் செக்ரோலில் அரைப்பேர் கிடையாது.

கலாத்தியருக்கு எழுதும்போது பவுல் ஓரிடத்தில் தன் வாக்கியத்தைத் தானே நடுவில் திருத்திக்கொள்கிறார். நான்காம் அதிகாரம், ஒன்பதாம் வசனம். நீங்கள் இப்போது தேவனை அறிந்திருக்கிறீர்கள் என்று தொடங்கியவர், அப்படிச் சொல்வதைவிட, தேவன் உங்களை அறிந்திருக்கிறார் என்று மாற்றுகிறார். நம் ஊர் வைணவர்கள் குரங்குக்குட்டியையும் பூனைக்குட்டியையும் வைத்து வாதிட்டது இதே கேள்வியைத்தான். குரங்குக்குட்டி தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும், விட்டால் விழும். பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். வடகலையார் முதலாவதைச் சொன்னார்கள், தென்கலையார் இரண்டாவதை. பவுலின் அந்தத் திருத்தத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பூனைதான் நினைவுக்கு வரும். பற்றிக்கொண்டிருக்கும் கை உன்னுடையது என்று நினைத்ததனால்தான் தூங்கப் பயப்படுகிறாய்.

அப்படியானால் சட்டங்கள் எதற்கு வந்தன என்று கேட்கிறாய். நல்ல கேள்வி. நியாயப்பிரமாணத்தை, அதாவது மோசேயின் சட்டத்தை, பவுல் ஒருபோதும் கெட்டது என்று சொல்லவில்லை. கலாத்தியர் 3:24-ல் அதை "உபாத்தி" என்கிறது நம் பழைய மொழிபெயர்ப்பு. மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல் பைடகோகோஸ். அவன் பாடம் சொல்லித்தரும் ஆசிரியன் இல்லை. வசதியான வீட்டுச் சிறுவனைப் பள்ளிக்கு அழைத்துப்போய்த் திரும்ப அழைத்துவரும் வீட்டு அடிமை. வழியில் கண்காணிப்பான், அதட்டுவான், அடிக்கவும் செய்வான். பையன் ஆளானதும் அவன் வேலை முடிந்தது.

எங்கள் லயத்தில் அப்படி ஒரு பாட்டி இருந்தார். காலையில் பிள்ளைகளைப் பஸ் நிற்கும் இடம்வரை அவர்தான் கொண்டுவிடுவார். ஒரு கையில் தகரடப்பா, மறு கையில் குச்சி. தேயிலைக்குள் காட்டெருமையோ கரடியோ நின்றால் விலகட்டும் என்று டப்பாவைத் தட்டிக்கொண்டே முன்னால் நடப்பார். வரிசையை விட்டு விலகினால் அதே குச்சி நம் காலில் விழும். அவர் இல்லாவிட்டால் எங்களில் பாதிப்பேர் பள்ளிக்கூடமே போயிருக்கமாட்டோம். ஆனால் நான் ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த பிறகும், பாட்டி டப்பாவோடு வந்தால்தான் வீட்டைவிட்டு இறங்குவேன் என்று நின்றிருந்தால் அவரே வருந்தியிருப்பார். சட்டத்தை மதிப்பதும் அதன் கையைப் பிடித்துக்கொண்டே காலம் கழிப்பதும் வேறு வேறு.

இன்னொன்றையும் யோசித்துப் பார். கோத்தகிரியிலிருந்து குன்னூருக்குப் போகும் ஒரே பஸ்ஸில் கத்தோலிக்கப் பெண் ஒருவர், சி.எஸ்.ஐ. சபைப் பெண் ஒருவர், பெந்தெகொஸ்தே சபைப் பெண் ஒருவர் உட்கார்ந்திருக்கலாம். ஒருவர் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி சாப்பிடமாட்டார். ஒருவர் அதே தவக்காலத்தை லெந்து நாட்கள் என்பார், அப்போது மல்லிகைப் பூ வைக்கமாட்டார். ஒருவர் வாழ்நாள் முழுவதும் நகையே போடமாட்டார். பட்டியல்தான் ஒருவரைக் கிறிஸ்தவராக்கும் என்றால் அந்த ஒரு பஸ்ஸில் மூன்று கிறிஸ்தவ மதங்கள் போகின்றன என்று பொருள். லூத்தரன் சபைகளும் கத்தோலிக்கத் திருச்சபையும் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்வியில் பிரிந்திருந்தன. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஒன்றாக அமர்ந்து கையெழுத்திட்டார்கள். நாம் ஏற்றுக்கொள்ளப்படுவது நம் தகுதியினால் அல்ல, கிருபையினால் மட்டுமே என்பது அந்த அறிக்கையின் நடுநாயகம். இன்னும் பேசித் தீராதவை அவர்களுக்குள் உண்டு. இந்த ஒன்றில் அவர்கள் கைகோத்தார்கள் என்பது எனக்குச் சிறிய செய்தி அல்ல.

பட்டியலால் வரும் பெரிய ஆபத்தைச் சொல்கிறேன். சீடர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதன்முதலில் வழங்கியது அந்தியோகியாவில் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அதே அந்தியோகியாவில்தான் சாப்பாட்டில் பிளவு வந்தது. பேதுரு யூதரல்லாதவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து, யூதச் சட்டத்தை வற்புறுத்துகிற ஆட்கள் வந்ததும் பயந்து, எழுந்து தனியாகப் போய்விட்டார். மற்ற யூதர்களும் பின்னால் போனார்கள். எல்லோர் முன்னிலையிலும் பவுல் அவரைத் தட்டிக்கேட்டார். ஒரு பந்தியிலிருந்து எழுந்து போனதற்கு இவ்வளவு கோபமா என்றால், ஆம், இவ்வளவுதான். கிருபையால் பேர் பெற்றவர்கள் ஒரே பந்தியில் உட்கார வேண்டும். எழுந்து போனவர் உனக்கு அரைப்பேர்தான் என்று எதிரில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போகிறார். "நீதியானது நியாயப்பிரமாணத்தினாலே வருமானால் கிறிஸ்து மரித்தது வீணாயிருக்குமே" என்ற வரி இந்தச் சாப்பாட்டுச் சண்டையில்தான் பிறந்தது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு லூத்தரன். கிருபை மட்டுமே என்பது அவருடைய சபையின் உயிர்மூச்சு. 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சேறியது. கலாத்தியர் நிருபம் நம் மொழியில் கையில் இருந்தது. அப்படியும் சபைகளில் சாதிக்கு ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் எதிர்ப்பு எழுந்தது. சபையை விட்டே விலகியவர்களும் உண்டு. கல்லறையில்கூடச் சுவர் எழுப்பிப் பிரித்த ஊர்கள் நம்மிடம் இருந்திருக்கின்றன. கொசுவை வடிகட்டிவிட்டு ஒட்டகத்தை விழுங்குகிறீர்கள் என்று இயேசு பரிசேயரைச் சொன்னது இதைத்தான். கம்மல் வடிகட்டியில் சிக்கும். சாதி தொண்டைக்குள் போய்விடும். உன் சபையில் ஒழுக்கம் பற்றிப் பேச்சு வந்தால், திருமணத்துக்குச் சாதி பார்க்கிறோமா என்று ஒருமுறை கேட்டுப் பார்.

இனி உன் கம்மல். நகை கூடாது என்பதற்கு அவர்கள் காட்டும் வசனம் 1 பேதுரு 3:3. மயிரைப் பின்னுவது, பொன் அணிவது, "உயர்ந்த வஸ்திரங்களை" உடுத்துவது ஆகிய புறம்பான அலங்காரம் உங்களுக்கு அலங்காரமாக இருக்க வேண்டாம் என்கிறது. "உயர்ந்த" என்பது தமிழில் சேர்த்த சொல். மூலத்தில் வெறும் ஆடை உடுத்துதல் என்றுதான் இருக்கிறது. பொன்னை அந்த வசனம் தடைசெய்கிறது என்றால் சடையையும் தடைசெய்கிறது, ஆடையையும் தடைசெய்கிறது. ஆகவே பேதுரு சட்டம் எழுதவில்லை. உன் அழகு எங்கே இருக்கிறது என்று சொல்கிறார்.

அதற்காக, நாளைக்கே கம்மலைப் போட்டுக்கொண்டு சபைக்குப் போய் நில் என்று நான் சொல்லவில்லை. பவுல் செய்த இரண்டு காரியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். யூதரல்லாத தோழர் தீத்துவுக்கு, யூதச் சடங்கான விருத்தசேதனம் (நுனித்தோல் நீக்கம்) செய்தே ஆகவேண்டும் என்று சிலர் வற்புறுத்தியபோது, ஒரு நாழிகைகூட இணங்கவில்லை என்று கலாத்தியரில் எழுதுகிறார். ஆனால் நடபடிகள் பதினாறாம் அதிகாரத்தில், அந்தப் பகுதி யூதர்களை முன்னிட்டு, அதே பவுல் இன்னொரு தோழர் தீமோத்தேயுவுக்குத் தாமே விருத்தசேதனம் செய்விக்கிறார். கேட்பவர்களுக்கு முரணாகத் தோன்றும். தீத்துவிடம் கேட்டது, இது இல்லாமல் நீ தேவனுடைய பிள்ளை ஆகமாட்டாய் என்று. தீமோத்தேயு விஷயத்தில் அந்தப் பேச்சே இல்லை. பழகப்போகும் மக்களுக்காக அன்பினால் ஏற்றுக்கொண்டது. உன் மாமியாருக்கு மனம் நோகக்கூடாது என்பதற்காகக் கம்மலைப் பெட்டியில் வைத்தாயானால் அது தீமோத்தேயு. மனதார வை. கம்மல் போட்டால் பரலோகம் இல்லை என்று யாராவது சொன்னால் அது தீத்து. அப்போது இணங்காதே, சண்டை போடாமல், பணிவாக, அது வேதத்தில் இல்லை என்று சொல். ஒரே கம்மல்தான். எதற்காகக் கழற்றினாய் என்று உன்னையே கேட்டுப் பார், பதில் உனக்குத் தெரியும்.

இஷ்டப்படி வாழலாமா என்று கேட்டாயே, பவுலையும் அதைத்தான் கேட்டார்கள். "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா?" என்று அவரே எழுதிவிட்டு, "கூடாதே" என்கிறார். காரணமாகப் புதிய சட்டம் எதையும் நீட்டவில்லை. பாவத்துக்கு மரித்தவர்கள் நாம், இனி அதில் எப்படிப் பிழைப்போம் என்று நீ யார் என்பதைத்தான் நினைவூட்டுகிறார். வீட்டில் அம்மா சோறு போடும்போது எங்களிடம் ராத்தல் கேட்டதில்லை. அதனால் நாங்கள் சோம்பேறிகளாகிவிடவில்லை. அம்மா பீலியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு படியேறினால் வாங்கிக்கொள்ள மூன்று பேர் ஓடுவோம். யாரும் எங்கள் பேரைக் குறித்துக்கொள்ளவில்லை.

கிருபை சட்டத்தைவிடத் தளர்வானது என்று நினைக்காதே. அது ஆழமாக வெட்டும். என் வாழ்க்கையிலிருந்து ஒன்று சொல்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகள் விடியற்கால ஜெபத்தை நான் ஒரு நாளும் விட்டதில்லை. அதே பன்னிரண்டு ஆண்டுகள் கூடலூரில் இருந்த என் அக்காளோடு பேசவில்லை. அம்மா இறந்த பிறகு ஒரு சங்கிலிக்காக வந்த மனத்தாங்கல். என் பட்டியலில் ஜெபம் இருந்தது, உபவாசம் இருந்தது, காணிக்கை இருந்தது. அக்காளுக்கு அதில் இடமே இல்லை. எல்லாக் கட்டத்திலும் கோடு விழுந்திருந்ததால் எனக்கு உறுத்தவும் இல்லை. கலாத்தியரை வரி வரியாகப் படித்த ஒரு மழைக்காலத்தில், நான் ஐந்து மணிக்கு வந்த ஆள் என்பது மனதில் இறங்கியது. முழுப்பேர் வாங்கிக்கொண்டு வந்தவள், அக்காளுக்கு அரைப்பேர் எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறினேன். கதவைத் திறந்த அக்காள் ஒன்றும் கேட்கவில்லை. பால் வாங்கவில்லை என்று சொல்லிக்கொண்டே வெறும் தேநீர் ஆற்றிக் கொடுத்தாள். சட்டம் என்னை அந்தப் படியில் ஏற்றியிருக்காது. தீத்துவுக்கு எழுதிய நிருபம் 2:12 கிருபை நமக்குப் போதிக்கிறது என்கிறதே, அது என்னை உட்காரவைத்துப் போதித்தது.

தசமபாகத்துக்கும் உபவாசத்துக்கும் நீண்ட பதில் தேவையில்லை. வருத்தத்தோடோ கட்டாயத்தாலோ கொடுக்காமல், தன் மனதில் நியமித்தபடி கொடுக்கட்டும் என்று 2 கொரிந்தியர் 9:7 சொல்கிறது. பிள்ளையின் பால் காசைக் குறைத்துக் கொடுக்கும்படி தேவன் உன்னிடம் கேட்கவில்லை. உபவாசம் நல்லது, வேலை நாளில் மயக்கம் வருகிறது என்றால் சாப்பிடு.

தங்கை வீட்டுச் சாப்பாட்டில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஒருமனம் இல்லை. நான் படித்ததைச் சொல்கிறேன். 1 கொரிந்தியர் பத்தாம் அதிகாரத்தில் பவுல் இரண்டையும் பிரிக்கிறார். வேறு பலிபீடத்தின் வழிபாட்டில் பங்குகொள்ளக்கூடாது, அதில் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் விசுவாசியல்லாத ஒருவர் விருந்துக்கு அழைத்து, போக மனமிருந்தால், போ, முன்னால் வைத்ததை மனச்சாட்சிக்காக ஒன்றும் விசாரியாமல் சாப்பிடு என்கிறார். இது படைத்த சோறு என்று யாராவது குறிப்பாகச் சொன்னால், சொன்னவரை முன்னிட்டு அதைத் தவிர். ஆகவே போ. பூசை நேரத்தில் தங்கையின் கைக்குழந்தையை வாங்கி வைத்துக்கொள். படைத்தது எது என்று உன் தங்கைக்கே தெரியும், தனியாக எடுத்துவைத்துவிடுவாள். அவள் சமைத்ததைச் சாப்பிடு. சாப்பிட்டு முடிந்ததும் பாத்திரம் துலக்க அவளோடு உட்கார். நீ போகாமலிருந்தால், இயேசு அக்காளை நம்மிடமிருந்து பிரித்துவிட்டார் என்றுதான் அவள் புரிந்துகொள்வாள்.

கடைசியாக அந்தப் பயம். எங்கள் அம்மாவுக்கு இந்தியக் குடியுரிமைத் தாள் கிடைத்த பிறகும் பயம் போக ஆண்டுகள் ஆயின. லயத்தின் பக்கம் காக்கிச்சட்டை தெரிந்தால், தகரப்பெட்டியைத் திறந்து தாள் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பாள். அவள் பெயர் அதில் இருந்தது, முத்திரை இருந்தது. அது செல்லும் என்று அவள் கைக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, அவ்வளவுதான். அதற்காக அவள் குடிமகள் இல்லை என்று ஆகிவிடவில்லை. உன் சந்தேகமும் அப்படித்தான். ரோமர் 8:15, திரும்பவும் பயப்படுவதற்கு நீங்கள் அடிமைத்தனத்தின் ஆவியைப் பெறவில்லை என்கிறது. புத்திரசுவிகாரத்தின், அதாவது பிள்ளையாகச் சேர்த்துக்கொள்ளப்படுவதன், ஆவியைப் பெற்றீர்கள், அதனால் "அப்பா" என்று கூப்பிடுகிறோம் என்கிறது. இயேசு வீட்டில் பேசிய அரமேய மொழியிலும் அந்தச் சொல் அப்பாதான். எழுதியவர்கள் அதைக் கிரேக்கத்தில் மாற்றாமல் அப்படியே விட்டுவைத்தார்கள். நமக்கு மொழிபெயர்க்க வேண்டிய வேலையே இல்லை.

நாளைக் காலை நான்கு மணிக்கு விழிப்பு வந்தால் எழுந்து ஜெபி. அந்த நேரத்து அமைதி எனக்கும் பிடிக்கும். வராவிட்டால் பிள்ளையை அணைத்துக்கொண்டு தூங்கு. எழுந்து அடுப்பில் தண்ணீர் வைக்கும்போது அப்பா என்று ஒருமுறை சொல். வார்த்தை அதற்கு மேல் வராவிட்டால் பெருமூச்சு விடு. ஆவியானவர் பெருமூச்சோடுதான் நமக்காக வேண்டுகிறார் என்று அதே எட்டாம் அதிகாரத்தில் பத்துப் பதினோரு வசனம் தள்ளி எழுதியிருக்கிறது. ஞாயிறு மதியம் பையனையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா. அந்தப் பகுதியைச் சேர்ந்து வாசிக்கலாம்.